நாற்காலி நிரப்பப் போன வேன்

மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டபோது, "நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சரோஜாக்கா, வந்ததும் வராததுமா பயமுறுத்திடாதீங்க" என்று ஒரு கட்டளையும் சேர்த்தே கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை என்னிடம் இல்லை. பதினெட்டு வருடம் இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவள் நான். முட்டிவலியும் கோபமும்தான் மிச்சம். முட்டிவலியை நானே வைத்துக்கொள்கிறேன். கோபத்தை உங்களுக்குத் தருகிறேன்.

நான் வேலை பார்த்தது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நம் சங்கம் நடத்தும் இதே முதியோர் சேவை மையத்தில். கடைவரிசையின் மேல்மாடியில் மையம். லிஃப்ட் கிடையாது. கைத்தடி ஊன்றி வருகிறவர்களுக்கான மையத்தை மாடியில் கொண்டுபோய் வைத்த புத்திசாலிகள் நாங்கள். திறப்பு விழாவில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் விழா கீழே, சாலையில் கூடாரம் போட்டு நடந்தது. மேலே ஏற முடியாதவர்கள் எல்லோரும் கீழே உட்கார்ந்து கைதட்டினார்கள்.

எங்களிடம் ஒரு வேன் இருந்தது. லிங்கம் என்று ஓர் ஓட்டுநர் இருந்தார். நான் இருந்தேன். தனியாக வாழும் முதியவர்களை வீட்டிலிருந்து அழைத்துப்போய், மருத்துவமனையில் கூடவே உட்கார்ந்து, டாக்டர் சொல்வதைக் கேட்டு, திரும்ப வீட்டில் விடுவது எங்கள் வேலை. இதற்கு எப்போதும் ஆள் பஞ்சம். ஆனால் அரிசிக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பிறந்தநாள் என்றால் ஒரு குடும்பம் பிரியாணி கொண்டுவரும். திதி என்றால் இன்னொரு குடும்பம் வடை பாயசத்தோடு வரும். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று குடும்பம் வந்து, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு மூன்று முறை கேசரி ஊட்டிய கதையும் உண்டு. "செவ்வாய்க்கிழமை காலையில் ஒருவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வர முடியுமா?" என்று அதே ஆட்களிடம் கேட்டுப்பாருங்கள். "அக்கா, வேலை நாள்லா" என்பார்கள். புண்ணியமும் வார இறுதியில்தான் வேலைக்கு வரும்.

சரி, முனியாண்டி அண்ணன் கதைக்கு வருகிறேன். இது என் தவறின் கதை. கோபத்தில் முதல் பங்கு எனக்குத்தான் என்பதை நீங்கள் மறக்க வேண்டாம்.

முனியாண்டி அண்ணன் கிள்ளானில் ஓர் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் தனியாக இருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. மகன் ஜொகூரில் லோரி ஓட்டுகிறவர்; மாதம் ஒருமுறை வந்துபோவார். உடனே மகனைத் திட்டக் கிளம்பாதீர்கள். பிள்ளைகளைத் திட்டுவது நம் சமூகத்துக்கு மிகவும் பிடித்த சேவை. திட்டி முடித்ததும், எதையோ செய்துவிட்டதுபோல நிம்மதியாகத் தூங்கப் போய்விடலாம்.

அண்ணன் துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கியவர். சர்க்கரை அவர் இடது காலில் இரண்டு விரல்களை முதலில் எடுத்துக்கொண்டது. பிறகு கண்ணுக்குப் போனது. வலது கண்ணின் பின்புறம் ரத்தம் கசிகிறது, லேசர் வைக்க வேண்டும் என்று சொல்லி, அரசாங்க மருத்துவமனையில் ஒரு வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தக் கண் டாக்டர் அங்கே வியாழக்கிழமைகளில்தான் வருவார். அந்தத் தேதிக்காக நாங்கள் காத்திருந்ததே நெடுநாள்.

அந்த வருடம் எங்கள் சங்கம் தீபாவளிக்கு முன்னால் முதியோருக்கு அன்பளிப்புக் கூடை வழங்கும் விழா ஏற்பாடு செய்திருந்தது. பிரிக்பீல்ட்ஸில் மண்டபம், டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர் தலைமை. அவருக்கு வியாழக்கிழமைதான் நேரம் இருந்தது. தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"சரோஜா, கிள்ளான் ஆளுங்க எல்லாரையும் வேன்ல ஏத்திட்டு வந்துடணும். முன்வரிசை காலியா இருந்தா நல்லா இருக்காது. டத்தோ முன்னாடி மானம் போயிடும்."

"அன்னைக்கு முனியாண்டி அண்ணனுக்குக் கண் அப்பாயிண்ட்மெண்ட் இருக்குங்க."

"அவரு ஒருத்தருக்காக பன்னெண்டு பேரை விட முடியுமா? தேதிய மாத்திக் கேளுங்க. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிதானே, மாத்திக் குடுப்பாங்க."

இந்த இடத்தில்தான் நான் தவறினேன். அறிவிப்புப் பலகையில் எழுதி மாட்ட வேண்டிய தவறு. தலைவரிடம் முடியாது என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. ஆகவே அந்த முடிவை முனியாண்டி அண்ணன் தலையில் கட்டினேன். போன் போட்டேன்.

"அண்ணே, வியாழக்கிழமை விழா இருக்கு. கண் டாக்டர் தேதியைக் கொஞ்சம் தள்ளிக் கேக்கலாமா? உங்களுக்குச் சரிதானே?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "பரவால்லம்மா. உங்க இஷ்டம்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. அவரே சொல்லிவிட்டார், பிறகென்ன? மருத்துவமனைக்கு அழைத்தேன். அடுத்த வாரம் கிடைக்கும் என்று நினைத்தேன். நாலு மாதம் கழித்துத்தான் இடம் இருக்கிறது என்றாள் போனை எடுத்த பெண். அந்த நொடியில்கூட "வேண்டாம், பழைய தேதியே இருக்கட்டும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாலு மாதத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்து, தேதியைக் குறித்துக்கொண்டேன்.

விழாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கெல்லாம் பன்னிரண்டு பேரையும் முன்வரிசையில் உட்கார வைத்தோம். டத்தோ பத்தேமுக்காலுக்கு வந்தார். அதுவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று ஏற்பாட்டுக் குழுவின் உத்தரவு. எழுந்து கழிவறைக்குப் போன ஒரு பாட்டியை, "ஆன்டி, இப்ப வந்துடுவாரு, கொஞ்சம் அடக்கிக்குங்க" என்று திருப்பி உட்காரவைத்தான் ஒருவன். எழுபது வயதுப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? நான் சண்டை போட்டு அவரைக் கூட்டிப்போனேன். அன்றைக்கு நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

பிறகு கூடைகள் வந்தன. அரிசி, எண்ணெய், ஒரு கிலோ சீனி, இனிப்புப் பால் டின் இரண்டு, பெரிய டப்பா பிஸ்கட். முனியாண்டி அண்ணனுக்குக் கண்ணில் ரத்தம் கசியக் காரணமான பொருளையே, பளபளக்கும் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுத்தார்கள். டத்தோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். படம் எடுத்தார்கள். சரியாக விழவில்லை என்று இன்னொரு முறை எடுத்தார்கள். சாயங்காலம் லிங்கம் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறினார். அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் ரோசாக்காகி, ஓடாமல் நின்று பல மாதம் ஆகியிருந்தது.

நாலு மாதம் முடிவதற்குள் ஒருநாள் காலை அண்ணன் எனக்குப் போன் செய்தார். "வலது பக்கம் திரை போட்ட மாதிரி இருக்கும்மா" என்றார். அவசரப் பிரிவுக்கு ஓடினோம். உள்ளே பெரிய ரத்தக்கசிவு ஏற்பட்டு எல்லாம் கெட்டுவிட்டிருந்தது. இனி அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்றார் டாக்டர். "ஏன் முதல் தேதிக்கு வரவில்லை?" என்று அவர் மலாயில் கேட்டார். முனியாண்டி அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "அன்னிக்கு எனக்கு வேலை இருந்துச்சு, டாக்டர்" என்றார்.

என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினார் பாருங்கள். அது என்னைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சும்மா சொல்வோமே, அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு நான் வாயெடுத்துச் சொன்னதில்லை.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். எல்லோரும் 'ப்ச்' கொட்டினார்கள். ஒருவர், "அவருக்குப் பழக்கூடை ஒண்ணு அனுப்பலாமே" என்றார். உண்மையாகத்தான் சொல்கிறேன். கண் போன மனிதருக்கு இன்னொரு கூடை!

அடுத்த வருடத்துக்குள் இடது கண்ணிலும் கசிவு தொடங்கியது. இருந்தது அந்த ஒரு கண்தான். டாக்டர் இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னார், தேதி தவறக் கூடாது என்று. தேதி கொடுத்தார்கள். வியாழக்கிழமை. அலுவலகத்துக்கு வந்து காலண்டரைப் பார்த்தேன். அதே வியாழக்கிழமை கூடை விழா. போன வருடம் வியாழக்கிழமை நடத்தியது ராசியாக இருந்ததாம், அதனால் இந்த வருடமும் வியாழக்கிழமையாம். யாருக்கு ராசி என்று கேட்க வாய் வரை வந்தது.

தலைவரிடம் போனேன். "அன்றைக்கு வேன் முனியாண்டி அண்ணனுக்கு" என்றேன்.

"கார் ஒண்ணு புக் பண்ணி அனுப்பிடுங்க சரோஜா. அதுக்கு ஏன் வேன்?"

"நாலு மாடிக்கு மேல இருந்து யாரு அவரைக் கீழ எறக்குவாங்க? கண்ணுல மருந்து விட்டா நாலு மணி நேரம் ஒண்ணும் தெரியாது. யாரு கூட உட்காருவாங்க? டாக்டர் சொல்றதை யாரு கேட்டுக்குவாங்க? கார் டிரைவரா?"

"எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கீங்க. முன்வரிசைக்கு என்ன பதில்?"

"நாற்காலிக்கு கண்ணு இல்லீங்க. காலியா இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் முகம் சுருங்கிப்போனது. "வேன் மண்டபத்துக்குத்தான் வரும்" என்று முடித்தார்.

வியாழக்கிழமை காலை வேன் சாவி வழக்கம்போல அலுவலகச் சுவரில் ஆணியில் தொங்கியது. எடுத்து லிங்கத்தின் கையில் வைத்தேன். "கிள்ளானுக்குப் போறோம். திரும்பி வந்ததும் ரெண்டு பேருக்கும் வேலை போகலாம். வரலைன்னாலும் சொல்லு, வருத்தப்பட மாட்டேன்."

லிங்கம் சாவியைச் சுழற்றினார். "அக்கா, போன வருஷம் அந்தக் கூடையைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறுனது நான்தான். இன்னும் முதுகு வலிக்குது. வாங்கலா, ஜாம்ல மாட்டிக்கப் போறோம்."

ஏழரைக்கு அடுக்குமாடியின் கீழே நின்றோம். லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. மேலே ஏறினால் அண்ணன் புதுச்சட்டை போட்டு, தலைவாரி, தயாராக உட்கார்ந்திருந்தார். இடது காலில் புண்ணுக்குக் கட்டு. நடக்க முடியாத நிலை.

"பசியாறியாச்சாம்மா?" என்றவர், நான் பதில் சொல்வதற்குள், "விழாவுக்குத்தானே?" என்றார்.

"எந்த விழா? கண் டாக்டரைப் பார்க்கப் போறோம்ணே. நான் போன்ல சொன்னேனே."

"சொன்னீங்க. தலைவரு ஆளு ஒருத்தரும் நேத்து போன் பண்ணாரு, வேன் மண்டபத்துக்குத்தான் வருதுன்னு. பரவால்லம்மா, இன்னொரு நாளு பாத்துக்கலாம்."

"அண்ணே, இந்தக் கண்ணும் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். வீட்டில் எங்கள் மூன்று பேரைத் தவிர வேறு யாரும் இல்லை, இருந்தும் தாழ்த்தினார். "விழாவுக்கு வரலன்னா சங்கத்துக்குக் கோவம் வரும்மா. அப்புறம் வேன் அனுப்ப மாட்டாங்க. காலுக்கு மருந்து கட்ட நான் எப்படிப் போவேன்? போன வருஷமும் அதான் ஒண்ணும் சொல்லல."

எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. போன வருடம் நான் போனில் கேட்டது கேள்வியே இல்லை. சாவி என் கையில் இருக்கிறது, போக வழி இல்லாத மனிதர் எதிர்முனையில் இருக்கிறார். அவர் "பரவால்ல" என்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நான் நிம்மதியாகப் போனை வைத்திருக்கிறேன். அவர் பயத்தில் சொன்ன சொல்லை அவர் விருப்பம் என்று மனதில் எழுதிக்கொண்டேன். இந்த வேலையில் இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் எனக்குத் தெரியாது. அதைச் செய்தவள் நான்.

கத்தினேன். அவர்மேல் கத்தக் கூடாதுதான், ஆனாலும் கத்தினேன். "வேனு யாரும் உங்களுக்குப் போடற பிச்சை இல்லண்ணே! உங்களுக்காகத்தான் அந்த வேனே வாங்கினது! நீங்க போகாத ஆஸ்பத்திரிக்கு அந்த வேன் எதுக்கு?"

சத்தம் கேட்டு மூன்றாவது மாடியிலிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து, கிள்ளானில் உணவகத்தில் சமையல் வேலை பார்க்கிறவர்கள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்களாம். "என்னக்கா, ஐயாவுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் மணியைப் பார்க்கவில்லை, முதலாளியை நினைக்கவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்ணனை அதில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, திருப்பத்துக்குத் திருப்பம் நின்று மூச்சு வாங்கி, நாலு மாடியும் இறக்கினார்கள்.

"லேட்டாகலையா உங்களுக்கு?" என்றேன்.

"ஆயிடுச்சுக்கா. திட்டு வாங்கிக்குவோம். மத்தியானம் எத்தன மணிக்கு வருவீங்க? எனக்கு மூணு மணிக்கு பிரேக்கு, மேல ஏத்தணும்ல?"

அவர்களுக்கு இங்கே சங்கம் கிடையாது. அவர்கள் பெயரில் பேனர் கிடையாது. அண்ணனைத் திரும்ப மேலே ஏற்ற வேண்டும் என்பது அவருக்குத் தோன்றியது. எங்கள் செயற்குழுவில் பதினோரு பேர் இருந்தார்கள். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் அது தோன்றியதில்லை.

மருத்துவமனையின் கண் பிரிவில் மதியம்வரை உட்கார்ந்திருந்தோம். லேசர் வைத்தார்கள். சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்றார் டாக்டர். என் கைப்பேசியில் தலைவரின் அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. முன்வரிசை காலி, டத்தோவின் முகம் சரியில்லை, இரண்டாம் வரிசை ஆட்களை முன்னுக்கு நகர்த்தவேண்டி வந்ததாம். நகர்த்திவிட்டார்களே, அப்புறமென்ன? வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுதினேன். முனியாண்டி அண்ணனின் வலது கண்ணுக்கு நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு, அவர் பெயருக்கு எழுதி, நகல் ஒன்றைச் சங்கத்துக்குக் கொடுத்தேன். பிறகு மருத்துவமனைத் தேதி இருக்கிற நாளில் வேறு எதற்கும் வேன் போகாது என்று ஓர் அட்டையில் எழுதி, அந்தச் சாவி ஆணிக்கு மேலேயே ஒட்டினேன். நான் இருந்தவரை அதை யாரும் கிழிக்கவில்லை. கிழிக்க ஆசை இருந்தது, தைரியம்தான் இல்லை. நான் ஓய்வு பெற்றபின் சுவருக்கு வண்ணம் அடித்தபோது அட்டை போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். ஆணி இருக்கிறது அல்லவா? நீங்கள் இன்னொன்று எழுதி ஒட்டுங்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். உங்களை நம்பி இருக்கிற முதியவர் "பரவால்ல" என்று சொன்னால் ஃபைலை மூடாதீர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கண்டுபிடியுங்கள். சாவியை அவர் மடியில் வைத்துவிட்டுப் பிறகு கேளுங்கள்.

சில வாரம் கழித்து அண்ணனை மறுபரிசோதனைக்கு அழைத்துப்போனோம். வேனின் பின்னிருக்கையில் விழாப் பேனரைச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். உட்கார இடம் செய்யப்போன அண்ணன் அதைப் பிரித்துப் பார்த்தார். ஆறடிப் பேனர். 'முதியோரைப் போற்றுவோம்' என்று கொட்டை எழுத்து. கீழே, போன வருடப் படம்: டத்தோ சிரிக்கிறார், அவர் கையைப் பிடித்தபடி கூடையோடு முனியாண்டி அண்ணன். காலியான முன்வரிசைக்கு நேர் எதிரே அன்றைக்கு இதைத்தான் மாட்டி வைத்திருந்தார்கள்.

அண்ணன் பேனரை இடது கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படம் முழுவதையும் பார்த்தார். "இது அந்த வியாழக்கிழமைதானே?" என்றார்.

"ஆமாண்ணே" என்றேன்.

"கேன்வாஸ் நல்லா தடிமனா இருக்கு. நான் எடுத்துக்கவா?"

அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது நல்ல மழை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே அந்தப் பேனர் சாரலை மறைத்துத் தொங்கியது. தலைகீழாகக் கட்டியிருந்ததால் டத்தோவின் நெற்றியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"சாரல் அடிக்காம நல்லா மறைக்குது போல" என்றேன். பரவால்லம்மா என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எங்க மறைக்குது? ஓரத்துல எல்லாம் உள்ள வருது, பாருங்க" என்றார் முனியாண்டி அண்ணன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார். "லிஃப்டும் இன்னும் ஓடல. போன வாரம் வேன் முக்கா மணி நேரம் லேட்டு. பேனா வச்சிருக்கீங்களா? எழுதிக்குங்க."